மச்சப் பொன்

ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறவனைக் கண்டால் ஊர் சிரிக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் அந்தக் காரியத்தைச் செய்தபோது அவருடைய மனைவி பரவையாருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். திருமுதுகுன்றத்து இறைவன் கொடுத்த 12,000 பொன்னை நாயனார் மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூருக்குப் போய்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவினார். பொன் கிடைத்தது. அந்தத் திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம்.

கதையைச் சொல்கிறவர்கள் ஆற்றையும் குளத்தையும் மறப்பதில்லை. நடுவிலே நடந்த ஒரு சின்னக் காரியத்தை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன்னால் நாயனார் அதில் ஒரு துணுக்கை வெட்டிக் கையிலே வைத்துக் கொண்டார். மாற்றுப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் அந்த மாதிரித் துணுக்குக்கு 'மச்சம்' என்று பெயர். பிறகு குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாடினார், பொன் சரியான மாற்றுக்கு வந்தது. தம்பிரான் தோழரே ஆனாலும், தம்பிரானிடம் கொடுத்து வைத்த பொருளுக்கு மாதிரி வெட்டி வைத்துக் கொண்டார், பாருங்கள்!

இந்த மச்சத்தின் அருமை எனக்கு வெகு நாள் கழித்து, அதே விருத்தாசலத்தில், ஒரு காமிராவைப் பற்றிய வாக்குவாதத்தின்போதுதான் விளங்கிற்று.

என் தமக்கையின் மகன் அந்த ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளிக்கூடத்து ஆண்டு விழா என்று வருஷம் முழுவதும் வேலை இருக்கும். அவன் ஊருக்கு இன்னொரு பெருமை, பீங்கான். இருபது கிலோ மீட்டர் சொச்சத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் விருத்தாசலத்துக்கு வந்து, மின்சார பியூஸ் கட்டையாகவும், ஊறுகாய் ஜாடியாகவும், நவராத்திரிக் கொலுப் பொம்மையாகவும் மாறுகிறது. பீங்கான் தொழிலைக் கற்றுக் கொடுப்பதற்கென்றே ஒரு பாடசாலையும் அங்கே உண்டு.

அந்தப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற ஒரு பெரியவர் இருந்தார். பொம்மை வேலையில் கடைசி வேலை கண் திறப்பது. மற்றதெல்லாம் அச்சும் சூளையும் பார்த்துக் கொள்ளும். கண் மட்டும் கையால்தான் எழுத வேண்டும். அவர் மூச்சை அடக்கிக் கொண்டு தூரிகையை ஒரு வீச்சு வீசினால் மண் பொம்மை நம்மைத் திரும்பிப் பார்க்கும். அவரை வேலை செய்கிறபோதே வரிசையாகப் படம் எடுத்து ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்பது என் மருமகனின் ஆசை. இந்த ஆசையை அவன் என்னிடம் முதன்முதலில் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

"எடுத்துவிட்டாயா, மாப்பிள்ளை?" என்று போகும்போதெல்லாம் கேட்பேன்.

"இன்னும் நாலு மாசம் பொறுங்க, மாமா. புதுசு ஒண்ணு வரப் போவுது. மிரர்லெஸ். அதை வாங்கிட்டு எடுத்தா அவரோட இமை முடியை எண்ணலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னாய்."

"போன வருஷம் வந்ததுக்கு அடுத்தது இன்னும் ஒசத்தின்னு பேசிக்கிட்டாங்க. அதான் விட்டுட்டேன்."

பேசிக் கொள்கிறவர்கள் யார் என்று கேட்டேன். காமிரா செய்யும் கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனியில் இருக்கும் ஒருவரைத் தெரிந்த ஒருவர் சொன்னாராம். கல்யாணத் தரகர்களைப் போல, எல்லாருமே இன்னொருவர் சொன்னதைத்தான் சொல்கிறார்கள்.

'மிரர்லெஸ்' என்றால் கண்ணாடி இல்லாதது. கண்ணாடி இல்லாததற்கா இத்தனை விலை என்று வாசகர்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். அவன் தன் பழைய காமிராவைப் பிரித்துக் காட்டினான். லென்ஸுக்குப் பின்னால், சாய்ந்தாற்போல், முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது. லென்ஸின் வழியாக வரும் காட்சியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அமுக்கினதும் 'டக்' என்று மேலே எழும்பி வழியை விடுகிறது. ஒளி பின்னால் போய்ப் பதிகிறது. கண்ணாடி மறுபடியும் கீழே இறங்குகிறது. புதிய ஜாதிக் காமிராவில் இந்த ஏற்பாடு இல்லை. ஒளியைப் பதிவு செய்யும் தகடே எப்போதும் விழித்துக் கொண்டிருந்து, தான் காண்பதைக் கண் வைக்கும் இடத்தில் உள்ள குட்டித் திரையில் காட்டிவிடுகிறது.

இதனால் லாபம் இல்லாமல் இல்லை. படம் வெளிச்சமாக விழுமா, இருட்டாக விழுமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிகிறது. ஆள் நகர்ந்தால் அவருடைய கண்ணைத் தேடிப் பிடித்துக் கூர்மை செய்து கொள்கிறது. சத்தமே இல்லாமல் எடுக்கலாம். மந்திரம் சொல்லும்போது சாஸ்திரிகள் முறைக்க மாட்டார். 2008-இல் பானசோனிக் கம்பெனி இந்த வகையில் முதல் காமிராவை விற்றது. 2013-இல் சோனி பெரிய தகடு வைத்து ஒன்று கொண்டு வந்தது. 2018-இல் நிக்கானும் கானனும் அதே வழிக்கு வந்துவிட்டன. நிக்கானின் தலைமைக் காமிராவாகிய இஸட் 9, 2021 மார்ச்சில் வரப் போகிறது என்று அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் அறிமுகமாயிற்று. இடையில் ஏழு மாதம் உலகம் பூராவும் போட்டோக்காரர்கள் மசக்கைக்காரி மாதிரி அதையே நினைத்துக் கொண்டிருந்தார்கள். அதன் விலை நம் நாட்டில் ஐந்து லட்சத்தை நெருங்கியது.

மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய சங்கதிகளைக் கொஞ்சம் புரட்டினேன். கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரம் ஒரு பழக்கதோஷம். பார்த்தால், கண்ணாடி இல்லாத காமிரா நம் ஊருக்குப் புதிதே இல்லை. வண்டியிலே மாடு பூட்டிக் கொண்டு அது 1857-லேயே வந்திருக்கிறது.

லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு காப்டன். 1855-இல் பர்மாவுக்குப் போன தூது கோஷ்டியோடு போய்ப் படம் எடுத்தவர். 1856-இல் சென்னை சர்க்கார் அவரைத் தன்னுடைய போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரிலிருந்து 1858 ஏப்ரல் வரையில் அவர் சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். நமது கோயில்களின் மிகப் பழைய போட்டோக்களில் பல அவர் எடுத்தவை.

அந்தக் காலத்திலும் 'புதுசு', 'பழசு' என்ற சண்டை இருந்தது. 1851-ஆம் வருஷத்தில் இரண்டு முறைகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசிப் படம் எடுக்க வழி கண்டார். படம் வெகு தெளிவாக விழும், சீக்கிரமும் விழும். ஆனால் பூசிய பசை காய்வதற்குள் படத்தை எடுத்து, அங்கேயே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். பிரான்சில் லெ கிரே என்பவர் பழைய காகித முறைக்கு மெழுகு பூசிச் செப்பனிட்டார். இதில் நேரம் அதிகம் பிடிக்கும். நுணுக்கம் கொஞ்சம் மட்டு. ஆனால் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் அடுக்கிக் கொள்ளலாம். கீழே விழுந்தால் உடையாது.

மோஸ்தரைப் பார்த்தால் டிரைப் கண்ணாடிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் நம் ஊர் வெயிலைப் பார்த்தார். மாட்டு வண்டி குலுங்குவதைப் பார்த்தார். பெரிய படங்களுக்குக் காகிதத்தையே வைத்துக் கொண்டார். காகிதத்தில் ஆகாயம் வெறிச்சென்று விழுந்த இடங்களில், பர்மாப் படங்கள் சிலவற்றில், கையாலேயே மேகம் எழுதினார்! கண்ணாடித் தகட்டையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. அது உதவுகிற வேலைக்கு அதையும் உபயோகித்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு எழுத்துக்களைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுக்களைப் படித்துத் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891-இல். படம் முந்திக் கொண்டது. படிப்பு முப்பத்து மூன்று வருஷம் கழித்து வந்தது.

இன்னும் நல்ல கருவி வரட்டும் என்று டிரைப் காத்திருக்க முடியாது என்பதை அவருடைய பிற்காலம் காட்டுகிறது. 1859-இல் சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார். வரவு செலவைப் பார்த்தார். போட்டோ எடுப்பது சர்க்கார் கஜானாவுக்குத் தாங்காத ஆடம்பரம் என்று தீர்ப்புச் சொல்லி நிறுத்திவிட்டார். டிரைப் 1902 வரையில் உயிரோடு இருந்தார்; ஆனால் அதற்குப் பிறகு அவர் எடுத்த படங்கள் வெகு சொற்பம். அந்த நாலைந்து மாதச் சுற்றுப் பிரயாணம்தான் அவர் நமக்குக் கொடுத்தது.

இதை நான் சொல்லிக் கொண்டு வந்தபோது மருமகன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அவரு காலத்துல காமிரா எப்பவாவதுதான் மாறும், மாமா. இப்போ வருஷத்துக்கு ஒண்ணு வருது. மாறாதவன் பின்தங்கிடுவான்" என்றான்.

அதுவும் வாஸ்தவம். கண்ணாடி இல்லாதிருந்த காமிராவுக்குக் கண்ணாடி வந்தபோது மாறியவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே சரித்திரம் சொல்லுகிறது. 1954-இல் வந்த லைகா எம் 3-க்குக் கண்ணாடி கிடையாது. அதன் கைத்திறனைக் கண்டு உலகமே அசந்தது. அதை அதே வழியில் வெல்லுவது கடினம் என்று உணர்ந்த நிக்கான் கம்பெனியார் கண்ணாடி வைத்த காமிராவில் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் கொட்டி, 1959-இல் நிக்கான் எப் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். பத்திரிகைப் படக்காரர்கள் அதற்கு மாறினார்கள். லென்ஸைப் பொருத்தும் அந்த வாயை நிக்கான் அறுபது வருஷம் காப்பாற்றியது. 2018-இல் கண்ணாடியை எடுத்தபோதுகூட, பழைய லென்ஸைப் புதிய காமிராவில் மாட்ட ஒரு வளையத்தையும் சேர்த்தே விற்றார்கள். ஆகவே, மாறுவதே தப்பு என்று நான் வாதிக்க வரவில்லை.

ஆனால் மாறுவது வேறு, காத்திருப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள பேதத்துக்கு ஒரு பீங்கான் கம்பெனியின் கதையே சாட்சி. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

அதே 1959-இல் ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் இனாமோரி கஸுவோ என்ற வாலிபர் இருபத்தெட்டு பேரை வைத்துக் கொண்டு ஒரு பீங்கான் பட்டறை ஆரம்பித்தார். முதலில் செய்த சாமான் டெலிவிஷன் குழாய்க்கு வேண்டிய, மின்சாரத்தைத் தடுக்கும் சிறு பீங்கான் துண்டு. நம் விருத்தாசலத்து பியூஸ் கட்டைக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். கியோட்டோ செராமிக் என்ற பெயர் சுருங்கிக் கியோசெரா ஆயிற்று. பட்டறை பெரிய ஸ்தாபனம் ஆயிற்று. 1983-இல் அது யாஷிகா காமிராக் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. என் வயதுக்காரர்கள் யாஷிகாவை மறந்திருக்க மாட்டார்கள். மாலையும் கழுத்துமாக நாங்கள் நின்றபோது எதிரே இரண்டு கண்ணோடு முறைத்த பெட்டி அல்லவா அது!

யாஷிகாவோடு காண்டாக்ஸ் என்ற உயர்ந்த ரகமும் கியோசெராவின் கைக்கு வந்தது. 1990-இல் வந்த ஒரு காண்டாக்ஸில் பிலிமுக்குப் பின்னால் பீங்கான் பலகை ஒன்றை வைத்து, காற்றை உறிஞ்சி, பிலிம் துளியும் வளையாமல் அதன்மேல் படியச் செய்தார்கள். பீங்கானுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா?

பிறகு டிஜிட்டல் யுகம் வந்தது. 2000-ஆம் வருஷத்தில், பழைய பிலிம் அளவுக்கே தகடு வைத்த, 60 லட்சம் புள்ளிகள் கொண்ட காண்டாக்ஸ் ஒன்று வரப் போகிறது என்று அறிவித்தார்கள். அந்த அளவுக்கு அப்படிப்பட்ட காமிரா அதுவரையில் கடைக்கு வந்ததில்லை. அதே தகட்டை வைத்து பென்டாக்ஸும் ஒன்று செய்து காட்டியது. 2001-இல் விலை கட்டாது என்று கைவிட்டுவிட்டது. காண்டாக்ஸ் பக்தர்கள் காத்திருந்தார்கள். 2002 வசந்தத்தில் காமிரா வந்தது. அவர்கள் வருஷக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பழைய லென்ஸ்கள் அதன் வாயில் பொருந்தவில்லை! அதே 2002 செப்டம்பரில் கானன் கம்பெனி ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளிகளோடு தன்னுடையதை அறிவித்துவிட்டது. ஆசையோடு எதிர்பார்த்த காண்டாக்ஸ் வந்த வருஷமே பழசாகிவிட்டது. 2005-இல் கியோசெரா காமிரா வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

அந்தக் காமிராவை வாங்கியவர்களை நான் பரிகசிக்கவில்லை. வாங்கியவர்கள் அதைக் கொண்டு நல்ல படங்களும் எடுத்திருப்பார்கள். எனக்குப் பரிதாபமாக இருப்பதெல்லாம், வரட்டும் வரட்டும் என்று அந்த இரண்டு வருஷமும் பழைய காமிராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் யாராவது இருந்திருந்தால் அவர்களைப் பற்றித்தான்.

பீங்கான் கதை காமிராவை விட்டு முற்றும் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் அதிர்கிற பீங்கான் ஒரு ஜாதி இருக்கிறது. 1987-இல் கானன் கம்பெனி அப்படிப்பட்ட பீங்கானின் அதிர்வைக் கொண்டே லென்ஸைச் சுழற்றிக் கூர்மை செய்யும் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2003-இல் ஒலிம்பஸ், தகட்டின்மேல் படிகிற தூசியை அதே மாதிரி அதிர்வினால் உதறித் தள்ளச் செய்தது. ஆகவே, என் மருமகன் வேண்டுகிற புதுக் காமிராவின் வயிற்றிலும் மண்ணும் சூளையும் இருக்கின்றன. அதை வைத்துக் கொண்டு அவன் படம் எடுக்க விரும்பியதும் மண்ணையும் சூளையையும்தான்.

இவ்வளவும் பேசிவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். விருத்தகிரீசுவரர் கோயில். செம்பியன் மாதேவியார் கல்லால் எடுப்பித்த கர்ப்பக்கிருகம். அதன் வெளிச்சுவரைச் சுற்றி வரும்போது ஒரு மாடத்தின் அருகே மருமகன் நின்றான்.

"இங்கே இருந்ததுதானே, மாமா, ஆஸ்திரேலியா போனது?" என்றான்.

அந்தக் கதை பத்திரிகைகளில் வந்ததுதான். இந்தக் கோயிலின் அர்த்தநாரீசுவரர், பாதி சிவனும் பாதி உமையுமான கல் விக்கிரகம், களவு போயிற்று. கடல் கடந்து நியூயார்க்கில் கலைப் பொருள் வியாபாரம் செய்த சுபாஷ் கபூரின் கைக்குப் போயிற்று. 2004-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதை அவரிடம் விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. வியாபாரியிடம் காகிதங்கள் இருந்தன. காகிதத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. 2011-இல் கபூர் ஜெர்மனியில் கைதானார். மறு வருஷம் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டார். 2022-இல் உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது.

சிட்னியில் இருக்கும் அர்த்தநாரி விருத்தாசலத்து அர்த்தநாரிதான் என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் அர்த்தநாரிகளுக்குப் பஞ்சமா? அங்கேதான் பழைய போட்டோ ஒன்று முன்னால் வந்து நின்றது.

புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் மறு வருஷத்திலிருந்தே நம்முடைய கோயில்களைப் படம் எடுத்துச் சேர்த்து வந்தது. கூட்டம் வரும் பெரிய கோயில் மட்டும் அல்ல. ஒற்றைக் குருக்கள் விளக்கேற்றுகிற பட்டிக்காட்டுக் கோயில்களுக்கும் போய், தூண் தூணாக, மாடம் மாடமாக எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள். லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. சிற்ப சாஸ்திரத்தையும் ஆகமத்தையும் படிக்கிறவர்களுக்கு உதவும் என்று எடுத்தார்களே தவிர, திருடனைப் பிடிக்க உதவும் என்று எடுக்கவில்லை. அந்தக் குவியலில் விருத்தாசலத்து அர்த்தநாரி தன் மாடத்திலே நின்று கொண்டிருந்தார். கல்லில் விழுந்த சிதைவும் கீறலும் கைரேகை மாதிரி. இரண்டு சிலைகளுக்கு ஒரே மாதிரி அமையாது. பொருத்திப் பார்த்தார்கள், பொருந்திற்று.

2014 செப்டம்பர் 5-ஆம் தேதி டில்லியில் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி டோனி அபட் அந்த அர்த்தநாரீசுவரரையும், அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து போயிருந்த நடராஜரையும் இந்தியாவிடம் ஒப்படைத்தார். அந்த நடராஜரை அடையாளம் காட்டியதும் புதுச்சேரிப் படம்தான்.

மணிமுத்தாற்றில் போனது சிட்னிக் குளத்தில் கிடைத்தது. பொன் மாறவில்லை என்று எப்படித் தெரிந்தது? யாரோ ஒருவர் மச்சம் வெட்டி வைத்திருந்தார்.

மாடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு இது பளிச்சென்று தோன்றியது. எடுத்த காமிரா எந்த ஊர்க் காமிரா, எத்தனை புள்ளி, அந்த வருஷத்துக்கு அது புதுசா பழசா என்று நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்பதில்லை. களவு போவதற்கு முன்னால் எடுத்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. வெட்டுகிற உளி வெள்ளி உளியா இரும்பு உளியா என்று பார்த்துக் கொண்டிருந்தால் பொன் ஆற்றோடு போய்விடும்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும், "ஒரு காரியம் செய், மாப்பிள்ளை. உன் கணக்கு நோட்டை எடு. இந்தப் பழைய காமிராவினால் எடுக்க முடியாமல் போன படம் எது, கை நழுவிப் போன வேலை எது என்று இந்த இரண்டு வருஷத்துக்கும் எழுது" என்றேன்.

அவன் வெகு நேரம் யோசித்து மூன்று எழுதினான். ஹோமப் புகையிலும் மங்கல் வெளிச்சத்திலும் முகூர்த்தப் படங்கள் புள்ளி புள்ளியாக விழுந்த ஒரு கல்யாணம். சலனப் படமும் சேர்த்துக் கேட்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்ட இரண்டு வீட்டார். மூன்றையும் கூட்டினால் லட்ச ரூபாய்கூடத் தேறவில்லை.

"புதுக் காமிரா வருகிறது வருகிறது என்று எடுக்காமல் விட்ட படம் எது?" என்று அடுத்தபடியாகக் கேட்டேன்.

பேனாவை மூடிவிட்டான்.

"அந்தப் பெரியவரு இப்போ கண்ணு எழுதறதில்லை, மாமா" என்றான் மெதுவாக. "கை நடுக்கம் கண்டுடுச்சு. தை மாசத்தோட நிறுத்திட்டாரு. உங்ககிட்டச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

எனக்கும் என்னவோ போல் இருந்தது. மூன்று வருஷமாக 'எடுத்துவிட்டாயா?' என்று கேட்டேனே ஒழிய, 'வா, இப்போதே போவோம்' என்று ஒரு நாளாவது நான் சொன்னதில்லை. உபந்நியாசம் செய்கிறவனுக்கு இந்த யோசனை எல்லாம் கடைசியில்தான் வருகிறது.

இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவனே பேச்சை எடுத்தான். புதுக் காமிரா வெளிவந்தால், அதற்கு முந்தினதின் விலை இறங்கும். கைமாறி வருவதும் சல்லிசாகக் கிடைக்கும். தன்னிடம் உள்ள லென்ஸ்கள் வளையம் போட்டால் அதில் வேலை செய்யும். நழுவிப் போன அந்த மூன்று வேலைக்கும் அது போதும். கடன் வாங்கினாலும் இரண்டு சீசனில் அடைத்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முன்பு அவன் புதுசைப் பற்றிப் பேசும்போது கண்ணில் தெரிந்த ஜுரம் இப்போது இல்லை. வியாபாரிக்கு உள்ள நிதானம் இருந்தது.

"எப்போ வாங்கப் போகிறாய்?"

"அது வர்றப்போ வரட்டும், மாமா. காலையில ஆறு மணிக்கு எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

மறு நாள் நான் எழுந்தபோது அவன் வீட்டில் இல்லை. பழைய காமிராப் பையும் ஆணியில் இல்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தமக்கையிடம் சொல்லிக் கொண்டு புறப்பட்டேன்.

வண்டி உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியபோது என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. பெரியவர் கீழே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய பேத்தி. பத்து வயசு இருக்கும். அவள் கையில் தூரிகை. எதிரே கண் இல்லாத ஒரு செட்டியார் பொம்மை. பெரியவர் தம் நடுங்குகிற கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டிருக்கிறார். பெண் மூச்சை அடக்கிக் கொண்டிருப்பது கன்னத்தில் தெரிகிறது.

சூளைக் கொட்டகையின் இருட்டில் எடுத்த படம். பெரியவர் முகம் கொஞ்சம் மங்கல்தான். இமை முடியை எண்ண முடியாது. ஆனால் விரல்கள் நன்றாக விழுந்திருந்தன.